நடுப் பொத்தான் இல்லாத கோட்டு

என் ரத்தினண்ணாவுக்கு, பாகாலா ரயிலில் வந்து இறங்கி, வெயிலிலும் கறுப்புக் கோட்டோடு நடந்து வருகிற என் செல்ல அண்ணாவுக்கு,

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் மச்சான் தையல்கடையின் பலகைக் கதவுகளைப் பாதி மூடிவிட்டு, மெஷின்களை ஓரமாகத் தள்ளிப் பாய் விரிப்பார். நம் கதை வாசிக்கிற கூட்டம் உட்காரும். நீ போன பிறகும் அது நின்றுபோகவில்லை. ஆனால் நாளையோடு நிறுத்திவிடலாம் என்று பேச்சு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நிறுத்தாமல் இருக்க ஒரே ஒரு வழி இருக்கிறது. அதைச் செய்ய எனக்குத்தான் மனசு வரவில்லை.

முதலில் ஊர்ச் சேதி. எல்லைச் சண்டை தீர்ந்துவிட்டதாம் அண்ணா. திருத்தணி மதராஸ் பக்கம் போகிறது, நம் சித்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது. நீ இருந்தபோது கச்சேரித் தெருவில் இரண்டு பாஷையிலும் கோஷம் போட்டார்களே, அதே ஆட்கள் இப்போது ஒரே கடையில் டீ குடிக்கிறார்கள். நம் கூட்டத்துத் துரைசாமியண்ணன் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. "இனிமே நான் வேற ராஜ்யம்மா, மரியாதையா பேசு" என்று என்னைச் சீண்டினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு நெடுநேரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நம் கூட்டத்து வழக்கத்தை நீதானே வைத்தாய்? எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. வேறொருவர் வாசிப்பார். பிறகு ஒவ்வொருவரும் எந்த வரி தன்னோடு வீட்டுக்கு வரும் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் எங்கே கால் இடறிற்று என்று சொல்லலாம். கடைசிப் பேச்சு உன்னுடையது. பேசி முடித்து, தாளை எழுதியவர் கையில் நீ கொடுத்த பிறகுதான் அவர் அதைத் தொடலாம்.

நீ என்ன பெரிய பண்டிதனா? கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஆனால் உன் வாயிலிருந்து அந்த ஒரு கேள்வி வந்தால் நாங்கள் திரும்ப எழுத உட்கார வேண்டியதுதான். "எல்லாம் நல்லா கீது. ஆனா இங்க ஒரு ஆள் நின்னுக்கினு கீறான். நீ அவன எழுதல. யாரு அவன்?"

சேஷாத்ரி திருப்பதியிலிருந்து காதல் கவிதை கொண்டுவந்தபோது, "பொண்ணு கீறா, நிலா கீது, பொண்ணோட நைனா எங்கப்பா நிக்கறாரு?" என்றாய். கூட்டமே உருண்டு சிரித்தது. துரைசாமியண்ணன் கிணறு வெட்டிய கதையில் அதே கேள்வியைக் கேட்டாய். யாரும் சிரிக்கவில்லை. மண் சரிந்து உள்ளே போன தம்பியைப் பற்றி அவர் அதுவரை யாரிடமும் பேசியதே இல்லை. அடுத்த வாரம் தம்பியோடு எழுதி வந்தார். அந்தக் கதைத் தாளை நீ இரண்டு கையாலும் கொடுத்தாய்.

பிறகு அந்தக் காய்ச்சல். அதற்கு முந்தின வாரம் வரை நன்றாகத்தானே இருந்தாய்? கோட்டின் நடுப் பொத்தான் விழுந்து எத்தனை நாளாயிற்று, அந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டே நடப்பாய். கடைசியாக வந்தபோதுதான் கழற்றிக் கடைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, "அடுத்த வாரம் தெச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். அடுத்த வாரம் நாங்கள்தான் பாகாலாவுக்கு வந்தோம். கோட்டு இல்லாமலே உன்னை அனுப்பி வைத்தோம். சொல்லாமல் கொள்ளாமல் போகிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்ததோ.

கருமாதி முடிந்து வந்த முதல் ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் தப்பு நடந்தது. சேஷாத்ரியின் கவிதை. எல்லோரும் பேசினோம். உன் முறை வந்தது. யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுக்கவில்லை, மரியாதைக்காக விட்டுவைத்தோம். நீ பேச எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே ஜட்கா வண்டி ஒன்று போயிற்று. பாதிக் கதவுக்கு அப்பால் வெயில் வெள்ளையாக நின்றது. திடீரென்று சேஷாத்ரி தலையை ஆட்டி, "சரி, மாத்திண்டு வரேன்" என்றான்.

யாரிடம் சொன்னாய் என்று நாங்கள் கேட்கவில்லை. எழுந்து போகும்போது தாளை எடுக்காமல் போனான், கொடுக்க ஆள் இல்லையே. உன் மச்சான் அதை ஆணிக்குக் கீழே, பெரிய கத்தரியின் அடியில் வைத்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது அண்ணா. வாரா வாரம் உன் முறைக்குக் காத்திருப்போம். வாரா வாரம் எழுதியவர் எதையோ கேட்டுக்கொண்டவர் போலத் தலையாட்டுவார். தாள்கள் கத்தரிக்கு அடியில் சேர்ந்தன. எனக்கும் அப்படித்தான். என் கதை வாசித்த அன்று ஒரு சத்தமும் வரவில்லை, சாமி சத்தியமாக. ஆனால் வீட்டுக்குப் போய்ப் புதிதாக எழுத உட்கார்ந்தபோது என்ன எழுத வேண்டும் என்று தெரிந்திருந்தது.

சேஷாத்ரி இன்னொன்று சொன்னான். பாகாலாவில் ரயில் நின்றால் பழக்கத்தில் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டுவிடுகிறானாம், உனக்கு இடம் பிடிக்க. திருமலை போய் மொட்டையடித்துத் திரும்புகிற கூட்டம் மூச்சு முட்டுமாம். கைக்குழந்தையோடு நிற்கிறவர்கள்கூட அந்த இடத்தில் உட்காரக் கேட்பதில்லையாம். "துண்ட எடுத்துட்டாலும் கேக்க மாட்டேங்கறா அக்கா. அதான் பயமா இருக்கு" என்றான். அடப்பாவி, இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வடை தின்றான். எனக்குத்தான் இறங்கவில்லை.

போன வாரம் சுகுணம்மா என்று ஒரு தெலுங்குப் பள்ளிக்கூட டீச்சர் வந்தார். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர், கூட்டத்தைக் கேள்விப்பட்டு, "நானும் வினொச்சா, கேக்கலாமா?" என்று கேட்டார். கேட்கட்டுமே என்று உட்கார வைத்தோம். உன்னை அவர் பார்த்ததே இல்லை. உன் பேர்கூட அவருக்குத் தெரியாது. துரைசாமியண்ணன் சித்தூரை விட்டுத் தன் ஊருக்கே குடிபோகிறார் என்பதால் அன்று, எல்லோரும் திருத்தி எழுதியதை ஒரே மூச்சாக வாசித்தோம். உன் மச்சான்கூட, ஆயுசில் முதல்முறையாக, கல்யாண ஜாக்கெட் தைக்கிற ஒரு தையல்காரன் கதையை எழுதியிருந்தார்.

வாசித்து முடித்து, உன் முறைக்காகப் பேசாமல் இருந்தோம். சுகுணம்மாவுக்கு அந்த வழக்கம் தெரியாதே. அவர் கேட்டுவிட்டார்.

"ஆயன எவரண்டி? யாரு அவரு? எல்லாத்துலயும் ஒருத்தரு வாசப்படில நின்னுக்கினே இருக்காரே. உள்ள கூப்பிட மாட்டீங்களா? எப்பவும் ஏன் நெஞ்சு மேல கைய வெச்சுக்கினு நிக்கறாரு?"

என் கதையில் மட்டும்தான் அப்படி ஒருவர் வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். கேட்கும்போது மற்றவர்கள் கதையில் எனக்குத் தெரியவே இல்லை. சேஷாத்ரியின் கவிதையில் அவள் வீட்டு வாசலில் ஒருவர். துரைசாமியண்ணன் கதையில் கிணற்றுமேட்டுக் கொட்டகை வாசலில். உன் மச்சான் கதையில் அளவெடுக்க வந்து, அளவு கொடுக்காமல் கதவோரம் நிற்கிறவர். எல்லோரும் நெஞ்சில் கை வைத்தவர்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆணியில் தொங்கிய கோட்டைப் பார்த்தோம்.

"போதும்மா" என்றார் துரைசாமியண்ணன். "அவர நாமதான் புடிச்சி வெச்சுக்கினு கீறோம். அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன், அதோட முடிச்சிக்கலாம். இல்லாங்காட்டி யாராச்சும் அவர் முறைய எடுத்துக்கினு கடைசியா பேசுங்க. நானு பேச மாட்டேன்."

உன் மச்சானும் மாட்டேன் என்றார், சேஷாத்ரியும் மாட்டேன் என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

எனக்குக் கோபம் வந்தது அண்ணா. நான் பேசினால் அந்த மௌனம் போய்விடும். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நீ இருக்கிறாய். அதையும் நானே துரத்த வேண்டுமா? பேசாவிட்டால் கூட்டம் போய்விடும். ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைக்கிற கையால் நான் எழுதுவதை இந்த ஊரில் வேறு யார் உட்கார்ந்து கேட்பார்கள்? வாரம் முழுக்க இதே நினைப்பு. குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன், உன் மச்சான் அதை அப்படியே தின்றுவிட்டுப் போனார்.

இன்று மத்தியானம் கடையில் தனியாக இருந்தேன். ஊருக்கெல்லாம் தைக்கிற மனுஷன் இத்தனை மாதமாக அந்தக் கோட்டைத் தொடவில்லை. "கை வரலடி" என்கிறார். நான் எடுத்தேன். அண்ணா, அது சூடாக இருந்தது. அந்தச் சுவரில் வெயிலே படாது. இஸ்திரிப் பெட்டி பின்கட்டில் கரியில்லாமல் கிடந்தது, போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்த சூடு. போட்டுவிட்டு ஓடத்தான் நினைத்தேன். ஓடவில்லை. மடியில் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்து, நடுப் பொத்தானைத் தைத்தேன். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தபோது, சின்ன வயதில் நீ என் பாவாடைக் கிழிசலை இப்படித்தான் தைத்தாய் என்று ஞாபகம் வந்து அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ எங்கள் எல்லோருடையதையும் கேட்டாயே, உன்னுடையது என்று ஒரு வரி வாசித்தாயா? கேட்டால், "என்னுதா? இன்னொரு நாளைக்கு" என்பாய். குவார்ட்டர்ஸில் தனியாகச் சமைத்துத் தின்று, ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்த மனுஷன் யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கதைகளுக்குள் நீ எங்களைப் பயமுறுத்த வரவில்லை. எழுதாமல் விட்ட ஆள் எங்கே நிற்பான்? வாசலில்தான் நிற்பான்.

அதனால் நாளைக்கு இந்தக் கடிதத்தைத்தான் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். சுகுணம்மாவை வாசிக்கச் சொல்வேன். எல்லோரும் பேசின பிறகு, வழக்கத்தை மீறிக் கடைசியில் நானே பேசுவேன், உனக்கு. "அண்ணா, எல்லாம் நல்லா கீது. ஆனா இங்க ஒரு ஆள் நின்னுக்கினு கீறான். நீ அவன எழுதவே இல்ல. அதான் நானு எழுதிட்டேன்." அப்புறம் கத்தரியை நகர்த்தி, தாள்களை அவரவர் கையில் இரண்டு கையாலும் கொடுப்பேன். நான் கொடுப்பதை வாங்கிக்கொண்டு துரைசாமியண்ணன் அடுத்த ஞாயிறும் வருவார், எந்த ராஜ்யத்திலிருந்தாலும்.

பொத்தான் கெட்டியாகத்தான் தைத்திருக்கிறேன். இனி நெஞ்சிலிருந்து கையை எடுக்கலாம். நின்றது போதும்ணா, உள்ளே வந்து பாயில் உட்கார். பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிரு. இனி ஒவ்வொரு வாரமும் கடைசியில் நான் பேசுவேன், இது சத்தியம். பேசி முடித்ததும் வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன், அங்கே வெயில் மட்டும் இருக்கட்டும்.

உன் முறையை வாங்கிக்கொண்ட தங்கச்சி,
கோமளா