லிஜியின் படங்களுக்கு அப்பா போட்ட கையெழுத்து

வண்டன்மேடு,
வியாழன் மாலை.

அன்பு லிஜி அக்காவுக்கு,

ஆன்மேரி எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். அப்பா உடம்பால் சுகம். நேற்றிலிருந்து யாரோடும் பேசவில்லை. போனில் சொன்னால் நீ “சரிடி, சரிடி” என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, நாளை எர்ணாகுளம் வருகிற கோமதி டீச்சரிடம் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன் முழுவதும் படித்துவிடு.

செவ்வாய்க்கிழமை ஜோமோன் அண்ணன் காரில் வந்தார். எஸ்டேட் கணக்கப்பிள்ளை மகன் இப்போது கொச்சியில் புத்தகம் போடுகிற முதலாளி என்று லைன் வீடுகள் எல்லாம் தெரிந்துகொள்ளட்டும் என்றோ என்னவோ, நின்ற காரிலிருந்தே இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கையில் ஒரு கேக் டப்பா. வாய்க்கு வாய் “நம்ம லிஜி, நம்ம லிஜி” என்றார்.

விஷயம் இதுதான். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதையை நடத்துகிற, அவர் போட்ட அந்த விளையாட்டுப் புத்தகத்துக்கு நீ படம் வரைந்தாயே, அதை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி கேட்கிறதாம். சீட்டுக்கட்டு, பொம்மை, கம்ப்யூட்டர் விளையாட்டு என்று நிறையப் போடப்போகிறார்களாம். அதற்கு உன் படங்கள் மொத்தமும் ஜோமோன் அண்ணன் பேருக்கு வேண்டுமாம். உன்னிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் காகிதத்தை நீட்டினார். அப்பா கையெழுத்துப் போட்டு, பெட்டியிலிருந்த உன் அசல் படங்களையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றேன். “வீட்டுக்கு நாலு கையெழுத்தா போடுவாக? செக்ரோல்ல உங்கம்மைக்கும் சேத்து நான்தான போடுதேன்” என்றார். எஸ்டேட் சம்பளப் பதிவேட்டுக்கு அது நடக்கும். இருபத்து மூன்று வயதுக்காரி வரைந்த படத்துக்கு நடக்காது.

அப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் செக்ரோலை விரித்து வைத்துக் கையெழுத்து வாங்கியவரின் மகன், நீ வேலை செய்கிற இடத்திலிருந்து பத்து நிமிடத்தில் அலுவலகம் வைத்துக்கொண்டு, உன்னை விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் மலையேறி வந்து அப்பாவைத் தேடியிருக்கிறார். அந்த உழைப்பை மெச்சத்தான் வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் போல. நேற்று ஜோமோன் அண்ணனிடமிருந்து போன் வந்தது. “ஒரிஜினல் எல்லாம் என் கையில இருக்கு மாமா. லிஜி கையெழுத்து சும்மா பேருக்குத்தான். சனிக்கிழமை நானே நேர்ல பாத்து வாங்கிக்கிறேன்” என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து விட்டாள் பார்: “ஏலத்தோட்டத்த வாங்குனவன் மேல நிக்க மரத்த வெட்டிருவானா? ஃபாரஸ்ட்காரன் விடுவானா? செடி ஒருத்தருக்கு, மரம் ஒருத்தருக்குன்னு இந்த மலையில பொறந்த புள்ளைக்கு எல்லாம் தெரியும். தாளத் தூக்கிட்டுப் போனா படமும் இவனுக்கு ஆயிருமோ? நல்லாத்தான் படிச்சிருக்கான் கொச்சியில!” அதற்குப் பிறகுதான் அப்பா பேச்சை நிறுத்தினார்.

உன் பெட்டியில் பழைய ஒப்பந்தம் இருக்கிறது. “இந்த ஒரு புத்தகம், இந்த ஒரு பதிப்பு மட்டும். படங்கள் வரைந்தவருக்கே சொந்தம்.” கீழே ஜோமோன் அண்ணனின் கையெழுத்து, வாலைச் சுழற்றிப் பூப்போட்டு. புதிய காகிதத்தின் நகலை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். “இப்போது உள்ளதும் இனிக் கண்டுபிடிக்கப்போவதுமான எல்லா வடிவங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்” என்று இருக்கிறது. ஆமென் ஒன்றுதான் போடவில்லை. செவ்வாய்க் கிரகத்தில் யாராவது பகடை உருட்டினாலும் நம் கணக்கப்பிள்ளை வீட்டுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

ஒன்பதாவது பத்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த விளையாட்டில் பனிமூட்டத்துக்குள் கம்பளி போர்த்தி நடந்துவருகிற கம்பளிக்காரிக்கு நீ அம்மாவின் முகத்தை வைத்தாய். அந்த உருவத்தையோ அதைப் போன்ற ஒன்றையோ நீ இனிமேல் வரையக்கூடாதாம். அம்மாவை வரைய அவரிடம் கேட்க வேண்டும் அக்கா. பத்தாவது பத்தியில், உன் பெயரை அச்சிடுவதும் விடுவதும் அவர் விருப்பம். “நம்ம லிஜி” என்று வாயால் சொல்வதற்குச் செலவில்லை, பாவம், அதனால்தான் அதைத் தாராளமாகச் சொல்கிறார்.

அவர் முதல் புத்தகம் போட்டபோது உன்னை நம்பியவர், யாரும் தராத வாய்ப்பைத் தந்தவர் என்று நீ சொல்வாய். உண்மைதான். அதற்கு ஒரு புத்தகம் கொடுத்தாயிற்று. அவர் பெயர் வந்தால் போனில் உன் குரல் மாறுவதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சனிக்கிழமை நீ அவரைப் பார்க்கப் போவாய். போகாதே என்று சொன்னால் கேட்கமாட்டாய், அதனால் சொல்லவில்லை. காபி குடி, பேசு, அசல் படங்களைத் திருப்பிக் கேள். கையெழுத்து மட்டும் போடாதே அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த சனிக்கிழமையும் அவர் உன்னைப் பார்க்க வருகிறாரா என்று பார். வந்தால், இந்தக் கடிதத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நான் அவரிடமே மன்னிப்புக் கேட்கிறேன்.

மாதா உன்னோடு இருக்கட்டும்.

உன் தங்கை,
ஆன்மேரி