மூன்றாம் வகுப்பின் குளக் கணக்கு

ஜூன் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. மீதிப் பாதிக்கு "சரி, சரி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். பதிலும் கடிதமாகவே வர வேண்டும்.

இந்த வருடம் எனக்கு மூன்றாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள். இருபத்தாறு வால்கள். சுற்றுச்சூழல் பாடத்தைப் புத்தகத்தில் வாசித்து வாசித்து அவர்களுக்கும் கொட்டாவி, எனக்கும் கொட்டாவி. போன புதன்கிழமை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளத்துக்கு எல்லோரையும் கூட்டிப் போனேன். ஆளுக்கொரு டீ வடிகட்டி, நாலு பேருக்கு ஒரு வெள்ளைத் தட்டு. தண்ணீரில் முக்கி எடுத்துத் தட்டில் கவிழ்த்தால் என்னென்ன ஜீவன்கள் அப்பா! தலைப்பிரட்டை, நத்தை, தட்டான் குஞ்சு. எண்ணி எழுதிவிட்டு எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது சட்டம். வகுப்பில் ஒரு வாயாடி இருக்கிறாள், பட்டப்பெயர் ரேடியோ. தட்டான் குஞ்சைப் பார்த்து, "மிஸ், இது வளந்தா ஹெலிகாப்டரா?" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "அது வளர்றதுக்குள்ள நீ பேசியே கொன்னுடுவ, போடி" என்றான்.

முப்பத்தைந்து வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர் நீங்கள். எங்கள் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு இடத்தில் எடுக்கிறோம்: பள்ளிப் பக்கக் கரை, எதிர்க்கரை. எதிர்க்கரையில்தான் வண்டி கழுவும் பட்டறையின் குழாய் வந்து விழுகிறது.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

உங்கள் பாப்பா


ஜூன் 25

அன்புள்ள பாப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போக மறுக்கிறது. உன் கடிதமும் குழந்தைகளின் தாளும் வந்து சேர்ந்தன. மூன்று முறை படித்தேன்.

சில சந்தேகங்கள். எல்லாக் குழந்தைகளும் ஒரே ஆழத்தில் முக்குகிறார்களா? இரண்டு கரையிலும் முக்கும் தடவைகள் சமமா? எண்ணுகிறவரே எழுதுகிறாரா, அல்லது வேறொருவரா? ஒரே நேரத்தில் எடுக்கிறீர்களா? ஒரு புதன்கிழமைக் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது நான்கு வாரமாவது வேண்டும். குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, பழக்க தோஷம்.

ஒரு வடிகட்டி எவ்வளவு தண்ணீரைத் தொடுகிறது என்று பார்க்க, பின்பக்கத்தில் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துப் பத்து முறை முக்கிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன சார், வாளியிலயே மீன் பிடிக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

கரை வழுக்கும். குழந்தைகள் ஜாக்கிரதை.

அன்புடன்,
அப்பா


ஜூலை 23

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தோம். ஒவ்வொரு கரையிலும் பத்து முக்கு, முழங்கை நனையும் ஆழம், காலை பத்து மணி. ஒருவர் எண்ண, இன்னொருவர் எழுத. உங்கள் கேள்விகளை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இப்போது உங்களுக்கு 'எத்தனை தாத்தா' என்று பெயர்.

தலைப்பிரட்டைக் கணக்கு, நான்கு புதன்கிழமைகள். பள்ளிக் கரை: 41, 38, 44, 40. எதிர்க்கரை: 12, 9, 3, கடைசியில் ஒன்றுமே இல்லை. தட்டில் தண்ணீர் மட்டும்தான் நின்றது, அதன் மேல் எண்ணெய் வானவில் மாதிரி மினுங்கியது. எழுத வேண்டிய பையன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். "மிஸ், இன்னும் ஒரே ஒரு தடவ முக்குறேன். ஒளிஞ்சிட்டிருக்கும் மிஸ்." பத்துக்கு மேல் எண்ணக் கூடாது என்றேன். கணக்கில் சேர்க்க வேண்டாம், சும்மா பார்க்கிறேன் என்றான். முப்பது தடவை முக்கினான். அப்புறம் அழுதான்.

பட்டறைக் குழாயை வேறு பக்கம் திருப்பச் சொல்லிப் பள்ளிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிக்கல் என்னவென்றால், பட்டறைக்காரர் அந்தக் குழுவில் இருக்கிறார். எங்கள் வகுப்புக் கூரையே அவர் போட்டுக் கொடுத்ததுதான். தலைமையாசிரியை கையைப் பிசைகிறார். "பிள்ளைங்க விளையாட்ட வச்சு ஒரு பெரிய மனுஷர் மேல பழி போடலாமா டீச்சர்?" என்கிறார். "என் அப்பாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியாத தண்ணீர் இல்லை" என்று சொல்லி உங்கள் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். அவர் எழுதுவார். நீங்கள் பெரிதாக எதுவும் செய்ய வேண்டாம். உள்ளதை எழுதுங்கள், போதும்.

உங்கள் பாப்பா


ஆகஸ்ட் 2

அன்புள்ள பாப்பாவுக்கு,

தலைமையாசிரியையின் கடிதம் வந்தது. பதில் அனுப்பிவிட்டேன். என்னால் முடிந்தவரை நேர்மையாக எழுதியிருக்கிறேன்.

இங்கே இரண்டு நாளாகக் காற்று. பழைய பேப்பர்களைக் கட்டி வைத்தேன். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். குழந்தைகளை விசாரித்ததாகச் சொல். அந்தப் பையன் இப்போது சரியாக இருக்கிறானா?

அன்புடன்,
அப்பா


ஆகஸ்ட் 14

அப்பாவுக்கு,

நேற்றுப் பள்ளிக் குழுக் கூட்டம். தலைமையாசிரியை உங்கள் கடிதத்தை எழுந்து நின்று வாசித்தார். "எட்டு வயதுக் குழந்தைகள் டீ வடிகட்டியால் எடுத்த எண்ணிக்கையைச் சான்றாகக் கொள்ள இயலாது. வெப்பம், பருவம், எண்ணும் பிழை முதலிய பிற காரணங்களை விலக்க முடியவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. ஒரு முழுப்பக்கம். அடுத்த பக்கம் இருக்கும் என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை.

பட்டறைக்காரர் கோபப்படவில்லை. சிரித்தார். "என்ன டீச்சரம்மா, உங்க வீட்டுப் பெரியவரே சொல்லிட்டாரு. இனிமே நாங்க பேச என்ன இருக்கு?" பின்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. வடிகட்டிகள் எல்லாம் அலுவலக அலமாரியில். குளத்துப் பக்கம் இனிமேல் யாரும் போகக் கூடாது.

இன்று ரேடியோ என் மேசைக்கு வந்தாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. "நாங்க தப்பா எண்ணிட்டமா மிஸ்?" என்றாள்.

பழைய ஞாபகம் ஒன்று வருகிறது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜன்னலுக்கு வெளியே கம்பியில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது என்று ஓடி வந்து சொன்னேன். "மீன்கொத்திதான்னு எப்படிச் சொல்ற? அலகு எவ்வளவு நீளம் இருந்தது?" என்று கேட்டீர்கள். அம்மா சமையலறையில் இருந்து, "பிள்ளை ஆசையா ஓடி வருது. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா?" என்றாள். அப்புறம் எத்தனையோ பறவை பார்த்தேன். உங்களிடம் எதையும் சொன்னதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் கணக்கை நீங்கள் நம்பினீர்களா, இல்லையா?

மூன்றாம் வகுப்பு ஆசிரியை


ஆகஸ்ட் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம்பினேன்.

இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று தீர்மானித்து உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் கடைசிவரை எழுதியிருக்க மாட்டேன்.

தலைமையாசிரியைக்கு முதலில் ஒரு வரைவு எழுதினேன். அதன் கடைசி வாக்கியம், "எனினும் குழந்தைகளின் கணக்கு உண்மை நிலையையே காட்டுகிறது என்று நம்புகிறேன்" என்பது. நல்ல தாளில் படியெடுத்தபோது அந்த வாக்கியத்தை விட்டுவிட்டேன். மறதியாக விடவில்லை. பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் யோசித்துத்தான் விட்டேன். அறிக்கையில் நம்பிக்கைக்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் அது இல்லை. யாராவது ஒருவர் வந்து, "எதை வைத்து நம்பினீர்கள்?" என்று கேட்டுவிடுவார் என்ற பயம். ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம் ஆகிறது. என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்? இருந்தும் பயந்தேன்.

இன்று தலைமையாசிரியைக்கும் குழுவுக்கும் புதிதாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். விடுபட்ட வாக்கியம் முதலில் இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைகள் தப்பாக எண்ணவில்லை. அவர்களிடம் நீயே சொல்லிவிடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அப்பா


செப்டம்பர் 30

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் உனக்குக் கிடைத்தனவா? குழுவிலிருந்து ஒரு வரி வந்தது: விஷயம் முன்பே முடிந்துவிட்டதாம், முதல் கடிதமே போதுமாம். போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்திருந்தாலும் எனக்குச் சரியாகக் கேட்டிருக்காது.

கோபம் நியாயமானது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


அக்டோபர் 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று உன் ஊருக்கு வந்திருந்தேன். சொல்லாமல் வந்ததற்கு மன்னித்துக்கொள். ஆறு மணி நேரப் பேருந்து. முதலில் தெரு வழியாகச் சுற்றிக் குளத்துக்குப் போனேன். பேண்ட்டை மடித்துவிட்டு, காலை பத்து மணிக்கு இரண்டு கரையிலும் பத்துப் பத்து முக்கு. எதிர்க்கரையில் ஒன்றும் இல்லை. பள்ளிக் கரையில் தலைப்பிரட்டை ஆறு. பருவம் முடிந்ததாலும் குறைந்திருக்கலாம். ஆனால் நத்தைகளும் இல்லை. நத்தைக்குப் பருவம் கிடையாது. கரையேறும்போது முழங்கால் மடங்கிவிட்டது. சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு பள்ளி வாசலுக்கு வந்தேன். உன் வகுப்பு மரத்தடியில் இருந்தது. குழந்தைகள் தரையில் கயிற்று வளையம் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். குளம் போனாலும் நீ விடவில்லை. நீ இளைத்திருக்கிறாய். உன்னைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிடவில்லை.

வாசல் கம்பியை ஒட்டி ஒரு சிறுமி தனியாக ஒரு வளையம் போட்டிருந்தாள். பக்கத்தில் காலித் தாள். நீ அங்கிருந்து, "எழுதிட்டியாடா கண்ணு?" என்றாய். "ஏழு எறும்பு இருக்கு மிஸ். ஆனா எழுத மாட்டேன். தப்பா இருந்துட்டா?" என்றாள். நீ ஏதோ சொல்ல வந்தாய், அதற்குள் இன்னொரு குழந்தை உன்னை இழுத்துப் போனது.

அந்தச் சிறுமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தாத்தா, நீங்க எண்ணிப் பாருங்களேன். ஏழுதானே?"

குனிந்து எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஒன்று கயிற்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அதை உள்ளே என்பதா, வெளியே என்பதா? அது இறங்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். மணி அடித்துவிட்டது. அவள் காலித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

இரவுப் பேருந்தில் திரும்பி வந்தேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. இரட்டைப் பின்னல், இடது முழங்காலில் பிளாஸ்திரி. அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடு பாப்பா.

ஏழுதான்.

அப்பா