அவர் வாயால் ஒரு நன்றி

மார்ச் 4

என்னங்க,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

பதினாறு நாளாகப் போனை எடுக்காமல் இருக்கிறீர்கள். விடுதிக் காவலாளியின் எண்ணுக்குக் கூப்பிட்டால், "சார் நல்லாத்தான் இருக்காரும்மா, போன்னா மட்டும் வேணாங்கிறாரு" என்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற பெரிய மனிதருக்கு இனிமேல் தபால்தான் போலிருக்கிறது என்று ஸ்டாம்பு வாங்கி வந்தேன். கல்யாணத்துக்கு முன்னால்கூட நாம் கடிதம் எழுதிக்கொண்டதில்லை. முப்பத்தெட்டு வயதில் எழுதவைத்துவிட்டீர்கள்.

அன்றைக்கு நீங்கள் என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. பிறகு போன் செத்துப்போனது. கிரேன் விழுந்துவிட்டது, ஓட்டியவர் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். ஓட்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் அறைத் தோழர் நெட்டை அண்ணன் என்று தெரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கடவுளிடம் பேரம் பேசினேன். "அவரை உயிரோட குடு. அவரே உன் முன்னால வந்து நின்னு தன் வாயால நன்றி சொல்லுவாரு" என்று வேண்டிக்கொண்டேன்.

என் சாப்பாட்டை வேண்டியிருக்கலாம், தூக்கத்தை வேண்டியிருக்கலாம். உங்கள் வாயை வேண்டிவிட்டேன். பதினொரு வருஷமாகக் கடவுள் பெயரைக் கிண்டலுக்கு மட்டுமே எடுத்த வாய் அது. அதைவிடக் கஷ்டமான காணிக்கை எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் விடுமுறைக்கு வரும்போது ஒரே ஒரு நிமிஷம். சொல்வீர்கள்தானே?

உங்கள்,
குட்டியின் அம்மா


மார்ச் 9

ஊசிக்காரி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து உன் மருந்துச் சீட்டு டாக்டர்களைவிடப் பரவாயில்லை.

ஊரான் வீட்டுப் பொருளை அடகு வைக்கிற மாதிரி என் வாயை எடுத்து வைத்திருக்கிறாய். கேட்டிருக்க வேண்டாமா? சரி, கேட்கிற நிலையில் நீ இல்லை. அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்ல முடியாது.

நெட்டையனும் நானும் ஆறு வருஷம் ஒரே கேபினை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள். அவன் ஒவ்வொரு நாளும் ஏணியில் கால் வைக்கும் முன் கண்ணை மூடி முணுமுணுப்பான். "என்னடா, மேல வர அனுமதி கேக்கறியா?" என்று கேலி செய்வேன். சிரிப்பான், ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை. நான் ஒரு நாளும் செய்ததில்லை. கும்பிட்டவன் விழுந்தான். கும்பிடாதவன் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுகிறேன். இதில் யாருக்கு எதற்காக நன்றி சொல்ல?

உன் கடவுள் என்னைக் கீழே இறக்கிக் காப்பாற்றினார் என்றால், அதே கைதான் அவனை மேலே ஏற்றியது. ஆளை மாற்றிவிடுகிற அளவுக்குச் சிரமப்பட்டவர், பிடிக்காமல் போன அந்தப் பிரேக்கை ஒரு நொடி பிடித்திருக்கலாமே. எங்கள் மெக்கானிக்குக்கூட அதுதான் முதலில் தோன்றும்.

போனைப் பற்றிக் கேட்காதே. குட்டிக்கு முத்தம்.

அவள் அப்பன்


மார்ச் 13

என்னங்க,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் கோபம்தான் வந்தது.

நான் தினமும் அறுபது பேருக்கு ஊசி குத்துகிறேன். நரம்பு கிடைக்காமல் இரண்டாம் தடவை குத்தும்போது எல்லோரும் கடவுளைத்தான் கூப்பிடுகிறார்கள். பிரேக்கை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் வலி குறைகிறதா என்று கேட்பீர்கள். குறைவதில்லை. கையை இழுத்துக்கொள்ளாமல் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பார்க்கிறேன். நம்பிக்கையால் என்ன பிரயோசனம் என்று பதினொரு வருஷமாகக் கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பிரயோசனம் அது. நெட்டை அண்ணன் தினமும் பயமில்லாமல் ஏறினார். நம்பிக்கை இல்லாத நீங்கள் ஒரு போனைக்கூட எடுக்கப் பயப்படுகிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை மண்டபத்தில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மதியம் ஒன்று பத்துக்கு, "இப்பவே கூப்பிடு" என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது, கூப்பிட்டேன், என்னோடு பேசுவதற்காக அவர் கீழே இறங்கினார், பிழைத்தார் என்று. பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். அங்கிருந்து நேராக நெட்டை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, அந்த அக்காவிடமும் இதைச் சொன்னேன். எல்லாம் கடவுளுடைய திட்டம், நம் புத்திக்கு எட்டாது என்றேன். அக்கா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

இப்போது கேளுங்கள். குட்டிக்கு முந்தாநாளிலிருந்து காய்ச்சல். வேண்டியதை நிறைவேற்றாவிட்டால் யார் தலையில் வந்து விழும் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூடநம்பிக்கை என்பீர்கள். என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். அடுத்த மாதம் எட்டாம் தேதி ரயிலைவிட்டு இறங்கி நேராக மண்டபத்துக்கு வாருங்கள், அதன் பிறகு வீடு. சொல்ல முடியாதென்றால் வீட்டுக்கு வர வேண்டாம்.

இப்படி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை.

குட்டியின் அம்மா


மார்ச் 18

உனக்கு,

நெட்டையன் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னாயா? அவன் மனைவியிடமா? இதற்கு மேல் பூசி மெழுக முடியாது. முழுவதையும் படி. படித்துவிட்டு என்னை என்ன வேண்டுமானாலும் நினை.

கேபினுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஏணிக்குக் கீழே இரும்புப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவோம். நாற்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறவனுக்குக் கீழே பெட்டிக்குள் அடிக்கிற போன் எப்படிக் கேட்கும்? உன்னோடு பேச நான் இறங்கவில்லை. பிரேக்கில் ஒரு சத்தம் கேட்டது. பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி. அதற்காக இறங்கினேன்.

அப்படி இறங்கினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அதே பெட்டியில் சிவப்பு அட்டை இருக்கும். அதை எடுத்து ஏணிக் கதவில் மாட்ட வேண்டும். அட்டை தொங்கினால் முதலாளியே வந்தாலும் ஏற மாட்டார். மாட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தருவது அது.

பெட்டியைத் திறந்தேன். அட்டையைக் கையில் எடுத்தேன். அப்போது உன் போன் அடித்தது. அட்டையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனை எடுத்தேன். ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன். நீ சொன்னதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். பத்து நிமிஷம் பேசினோம். அடுத்த ஷிப்டுக்கு நெட்டையன் சீக்கிரமே வந்துவிட்டான். நான் சிரிப்பதைப் பார்த்து அவனும் சிரித்தான். மேலே கையைக் காட்டி, "ஏறட்டுமா?" என்றான். நான் தலையாட்டினேன்.

பிரேக் எனக்கு ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. அவன் கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டு ஏறினான். முதல் சரக்குப் பெட்டியைத் தூக்கினான். பிரேக் பிடிக்கவில்லை, கிரேன் அவனோடு சாய்ந்து விழுந்தது. அப்போதும் அட்டை என் பையில்தான் இருந்தது.

விசாரணைக் குழுவிடம் தண்ணீர் குடிக்க இறங்கினேன் என்று சொன்னேன். அட்டையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அனுமதி கேட்காமல் ஏறியது அவன் தவறு என்று எழுதப்போகிறார்கள். இருபத்தாறாம் தேதி கடைசி அமர்வு. நான் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எல்லாம் திட்டம் என்கிறாய். அப்படியென்றால் அட்டையைப் பையில் செருகியது நான் இல்லை, தலையாட்டியது நான் இல்லை. எவ்வளவு வசதி! இந்த ஒரு மாதத்தில் நம்பிவிடலாமா என்று எனக்கே ஆசை வந்தது, தெரியுமா? அந்த ஆசைதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, நான் செய்ததை அவர் தலையில் கட்ட மாட்டேன். நன்றியும் சொல்ல மாட்டேன்.

போன் அடித்தாலே அவன் மேலே கையைக் காட்டுவது தெரிகிறது. அதனால்தான் எடுப்பதில்லை.

காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று தந்தி மாதிரி ஒரு வரியாவது எழுது. கெஞ்சிக் கேட்கிறேன்.


மார்ச் 22

என்னங்க,

முதலில் குட்டி. மருந்து கொடுத்து மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கடவுளுக்கும் நன்றி சொன்னேன், டாக்டருக்கும் நன்றி சொன்னேன். சிரிக்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது கூடத்தில் கூட்டம். ஒரு பக்கம் படித்துவிட்டு வேலை செய்தேன், பிறகு அடுத்த பக்கம். ஒரு பெரியவரின் ரத்தத்தை எடுத்துக் குப்பியில் பெயர் ஒட்டாமல் வைத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படிச் செய்ததில்லை. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, என் தப்பு என்று சொல்லி, இன்னொரு கையில் குத்தினேன். திட்டினார். திட்டட்டும்.

எனக்குள் எந்தக் குரலும் கேட்கவில்லை. காலை நேரத்து ரத்தக் குப்பிகளை மூடி வைத்துவிட்டு ஒன்று பத்துக்கு, நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உங்களைக் கூப்பிடுவது என் தினசரி வழக்கம். அன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன். மண்டபத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், வாயில் குரல் என்று வந்துவிட்டது. சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன். இன்று ஞாயிற்றுக்கிழமைப் பிரார்த்தனையில் எழுந்து நின்று, அது பொய் என்று சொன்னேன். "நல்ல விஷயத்தை ஏம்மா கெடுக்கிறே?" என்று பக்கத்தில் இருந்தவர் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

நான் கும்பிடுவதை விடவில்லை. விடவும் மாட்டேன். ஆனால் நன்றி சொல்லப் போய் உட்கார்ந்தால் அக்கா தண்ணீர் டம்ளரோடு கண் முன்னால் வந்து நிற்கிறார். அவரிடம் திட்டம் என்று சொன்ன நாக்கை என்ன செய்வது? உங்கள் வாயைத் திருப்பித் தந்துவிட்டேன். அது எனக்குச் சொந்தமில்லை, வேண்டிக்கொண்டதே தப்பு என்று கடவுளிடமும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டால் என்னைக் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆனால் இருபத்தாறாம் தேதி நீங்கள் பேச வேண்டும். கேட்காமல் ஏறியவர் என்ற பெயரோடு நெட்டை அண்ணனின் பிள்ளைகள் வளரக் கூடாது. அவர் கேட்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். அதை அந்த அறையில் சொல்லுங்கள். வேலை போகும், வழக்கு வரும், உள்ளேகூடப் போடுவார்கள். அக்காவிடம் நான் போய்ச் சொல்ல மாட்டேன். அது உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.

பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் கதவைத் திறப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
நான்தான்


மார்ச் 27

அன்பே,

இந்த வார்த்தையை எழுதிப் பழக்கமில்லை. கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

நீளமான மேஜை, ஐந்து பேர். நெட்டையனின் மனைவி தன் அண்ணனோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார்கள். சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து அதன் மேல் வைத்தேன். பிறகு உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். எனக்குத் துணையாக யாரும் வந்து நின்றதாகத் தெரியவில்லை. கடவுளைப் பற்றி நான் நினைப்பதிலும் மாற்றம் இல்லை.

உரிமத்தை வாங்கிக்கொண்டார்கள். காவல் நிலையத்துக்கு எழுதுகிறார்களாம். அதுவரை ஊரைவிட்டுப் போகக் கூடாது. எட்டாம் தேதி ரயிலை மறந்துவிடு. எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது. அவன் மேல் தவறில்லை என்று மட்டும் என் முன்னாலேயே எழுதினார்கள். எழுத்துக்கு எழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு அவள் எழுந்து வந்தாள். அண்ணன் கையைப் பிடித்துத் தடுத்தார், உதறிவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பத்து நிமிஷம் அப்படி என்ன பேசினீங்க?" என்றாள்.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். பிறகு சொன்னேன். "எங்க குட்டிக்கு முதல் பல் ஆடிட்டு இருந்துச்சு. காலையில ரொட்டியோட சேர்த்து அதை முழுங்கிட்டா. வயித்துக்குள்ள பல் முளைச்சுடுமான்னு கேட்டு அழுதாளாம். அதைச் சொல்லித்தான் சிரிச்சுட்டு இருந்தோம்."

ஐந்து பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள். அண்ணன் போகலாம் என்று கூப்பிட்டார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள்.