‘வூட்ல இருக்காரு’ என்று சொல்லிவிட்டேன்

என்னங்க,

கல்யாணமான புதிதில் செஞ்சிக் கோட்டையில் நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? நான் ராஜா, ராணி, முற்றுகை என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சரம்மா, இவ்ளோ பெரிய கோட்டைக்கு மெயின் சுவிட்ச் எங்க வெச்சிருப்பாங்க?" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில், ஃபியூஸ் கம்பி மாட்டும் பீஸ் கட்டை சுட்டவருக்கு வேறென்ன தோன்றும்? கோயிலோ கல்யாண மண்டபமோ, எல்லோரும் மேலே பார்த்தால் நீங்கள் சுவிட்ச் போர்டைப் பார்ப்பீர்கள். வெள்ளையாக ஒரு பீஸ் கட்டை கண்ணில் பட்டால், "நம்ம ஊரு." ஆதாரம் கேட்டால், "பாத்தா தெரியாதா?" அவ்வளவுதான் உங்கள் விசாரணை. நான் ஒருநாளும் நம்பியதில்லை.

போன வாரம் அதே செஞ்சிக்குத் திரும்பவும் போனேன். பழைய கோட்டைகள், பள்ளிவாசல்கள் பார்க்கும் இரண்டு நாள் சுற்றுலா. செஞ்சி, வேலூர், ஆற்காடு. கூடவே ஒரு கைடு. "இன்னும் எத்தினி நாளைக்கும்மா அந்தச் சொவத்தையே பாத்துட்டு ஒக்காந்திருப்ப?" என்று நம் பெண்தான் போனில் சத்தம் போட்டு, எனக்கு இடம் பதிவு செய்தாள்.

வேன் வேப்பூரில் நின்றதும் ஒரு அம்மா ஏறி, "டீச்சர் பக்கத்துல ஒக்காருங்க" என்று கைடு சொன்னதும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் பத்மா, நம் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம். பை வைக்கக்கூட இல்லை, பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார் வரலீங்களா டீச்சர்?"

"வூட்ல இருக்காரு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்ததை நான் யாருக்குமே சொன்னதில்லை. சொல்லத் தேவையே வரவில்லை. பால்காரர், மருந்துக்கடைக்காரர், என்னிடம் படித்த பிள்ளைகள் என்று ஊருக்கே தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சூரியன் கிழக்கே உதித்தது என்று எந்தப் பிள்ளையாவது வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்லுமா? எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்ல வாய் பழகுவதில்லை. அந்த வேனில்தான் முதல்முறையாகத் தெரியாத ஒருவர் என்னைக் கேட்டார்.

ஒரு பொய் தனியாக இருக்காது, பாருங்கள். "ஏன், மேலுக்கு முடியலீங்களா?" "ரொம்ப நடக்க முடியாதுங்க." "அப்ப சாப்பாட்டுக்கு?" "கொழம்பு வெச்சுட்டு வந்துட்டேன்." பத்மா பெருமூச்சு விட்டார். "பரவால்லியே. எங்கூட்டுக்காரரு குடுத்து வெச்ச மகராசன். சுடுதண்ணி வெக்கணும்னாகூட என்னத்தான் தேடுவாரு."

செஞ்சியில் சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீரை மேலே ஏற்றினார்கள் என்று கைடு சொன்னார். எத்தனை டிகிரியில் சுட்டிருப்பார்கள் என்று கேட்க ஆள் இல்லை. மலையடிவாரத்தில் நவாப் காலத்துப் பள்ளிவாசல். முன்னால் வரிசையாக வளைவுகள். உள்ளே கால் வைத்ததும் வெயில் சட்டென்று விட்டுவிட்டது. "பாருங்க, எப்படிக் குளுகுளுன்னு இருக்குது" என்று திரும்பினேன். தூணின் நிழல்தான் இருந்தது. இத்தனை வருஷம் உங்களுக்குச் சொல்வதற்காகத்தான் ஒவ்வொன்றையும் பார்த்தேனா?

சாயங்காலம் வேலூர் லாட்ஜில் எனக்கும் பத்மாவுக்கும் ஒரே அறை. அவர் தன் வீட்டுக்காரரிடம் போனில் சண்டை போட்டு முடித்ததும், "நீங்களும் போடுங்க டீச்சர். பாவம், எதிர்பாத்துட்டு இருப்பாரு" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு வந்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டு, "சாப்ட்டீங்களா?" என்றேன். "செஞ்சி பாத்தோம். மலை அங்கயேதான் இருக்குது. மோட்டார நிறுத்திட்டுப் படுங்க." உள்ளேயிருந்து பத்மா, "நான் கேட்டதா சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார். "பத்மான்னு ஒருத்தவங்க, உங்களக் கேட்டாங்க" என்றேன். அப்புறமும் கொஞ்ச நேரம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

நான் காலம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். இருக்கிறார் என்றால் நிகழ்காலம், இருந்தார் என்றால் இறந்த காலம். மாற்றி எழுதிய பிள்ளைகளுக்குச் சிவப்பு மையில் சுழித்தவள். அன்றைக்கு என் விடையை யார் திருத்துவது?

மறுநாள் காலை வேலூர்க் கோட்டை. அகழியைச் சுற்றி நடக்கும்போதும் பத்மா விடவில்லை. "அடுத்த தடவ சாரையும் கூட்டிட்டு வாங்க. நாம கையப் புடிச்சு நடத்திட்டுப் போயிடலாம்" என்றார். பொய் சொன்ன எனக்குத்தான் அந்த அன்பு கனத்தது.

மத்தியானம் ஆற்காட்டில் ஒரு பழைய பள்ளிவாசல். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றோம். கைடு மினாரைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கோ வாசல் பக்கத்துச் சுவரில் ஒரு மரப்பலகை தெரிந்தது. அதில் இரண்டு வெள்ளை பீஸ் கட்டை. கால் தானாக அங்கே போய்விட்டது.

பாங்கு சொல்லும் பெரியவர், மோதினார், கைகால் கழுவும் தொட்டி ஓரத்திலிருந்து என்னைப் பார்த்தார். "என்னாம்மா, கரண்ட் ஆபீசா?"

"இல்லீங்க பாய். விருத்தாசலம். இது எங்க ஊர்ல செஞ்சது." என் வாயா சொன்னது? உங்கள் வாய். "எங்க வூட்டுக்காரரு பீங்கான் கம்பெனியில இதச் சுடற வேலையில இருந்தாரு."

"இப்ப என்னா பண்றாரு?"

பத்மா என் பின்னால்தான் நிற்கிறார் என்று தெரியும். இருந்தும் சொன்னேன்.

"இப்ப இல்லீங்க. இறந்துட்டாரு."

பெரியவர் அரபியில் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டார். பிறகு, "பேரு என்னாம்மா?" என்றார்.

உங்கள் பெயரை நான் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள்தான் எனக்காகச் சொல்வார்கள். அங்கே யாருக்கும் தெரியாதே.

"கலியமூர்த்தி."

"கலியமூர்த்தி" என்று அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உங்கள் பெயர் எவ்வளவு நாளைக்கப்புறம் இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. பிறகு பலகையைக் காட்டி, "கம்பி போவும், மாத்துவோம். கட்டை இதுவரைக்கும் ஒடஞ்சதில்லம்மா" என்றார். கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். சுவருக்கு அடித்த சுண்ணாம்பு அதையும் மூடியிருந்தது. அது நீங்கள் சுட்டதுதானா? பார்த்தால் தெரியும் என்பீர்களே.

வேனில் பத்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் மட்டும் வைத்தார். ஆரணி தாண்டிய பிறகு கேட்டார்.

"அப்ப நேத்து போன்ல யாருகிட்ட பேசுனீங்க?"

"அவருகிட்டதான்."

"நான் கேட்டதா சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

கேலி இல்லை அந்தக் குரலில். நிஜமாகவே கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். என்ன சொன்னீங்க?

அடுத்த மாதம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போகலாமா என்று பத்மா கேட்டிருக்கிறார். போயிட்டு வரேன். யார் கேட்டாலும் இனிமேல் காலம் தப்பாமல் பதில் சொல்வேன். சாமி கும்பிட்டுவிட்டு, உங்களுக்காகச் சுவிட்ச் போர்டையும் ஒரு பார்வை பார்ப்பேன். இது சத்தியம்.

என் தோளுக்கு மேலே எட்டி இந்தக் கடிதத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் வீட்டில் இல்லாமல் போனவரின் பெயரை, அவரைத் தெரியாத ஒருவரிடம் இன்றைக்கு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி,
தனலட்சுமி டீச்சர்