பதினோராம் இலக்கக்காரி நின்ற ஜன்னல்

அன்பான மச்சாள்,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. அண்ணா நலம். உங்கள் சிவப்புப் பேனைகளால் கடைச் சாமான் பட்டியல் எழுதுகிறார். எழுதி முடித்ததும் பிழை இருக்கிறதா என்று ஒருதரம் பார்க்கிறார். நம் கல்லூரி இன்னும் வெள்ளவத்தையில் அதே புடவைக்கடைக்கு மேல்தான் இருக்கிறது. ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறோம்.

நாம் இருவரும் நடத்திய கட்டுரை வகுப்பை இப்போது நான் தனியே நடத்துகிறேன். மாதம் ஒரு நடப்பு விவகாரம், அதைப் பற்றி மாணவரின் கருத்து, இரண்டு பக்கம். 'நாணயத்துக்கு இரு பக்கங்கள் உண்டு' என்று முடியும் கட்டுரைகளை வாசித்து வாசித்து அலுத்துத்தானே நீங்கள் அந்த விதியைக் கொண்டுவந்தீர்கள்? முதல் வரியில் கண்ணால் கண்ட ஒன்று இருக்க வேண்டும். எங்கே நின்று கண்டது என்பதும் இருக்க வேண்டும். கருத்து அதற்குப் பிறகு.

மற்ற இரண்டு வழக்கங்களும் உங்களுடையவைதான். தாளில் பெயர் கூடாது, இலக்கம் மட்டும். பெயரைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்பீர்கள். மாதத்தின் சிறந்த கட்டுரை படிக்கட்டுக்குப் பக்கத்திலுள்ள அறிவித்தல் பலகையில் தொங்கும். மூன்றும் நல்ல வழக்கங்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை?

இம்முறை கொடுத்த தலைப்பு, பழைய குடியிருப்புகளை இடித்து மாடிக் கட்டடங்கள் எழுப்புவது நகருக்கு நல்லதா என்பது. பாதிப்பேர் இடிக்க வேண்டும் என்றும் இடிக்கக் கூடாது என்றும் ஒரே பந்தியில் எழுதியிருந்தார்கள். சிலருக்குக் கணினி எழுதிக் கொடுத்திருந்தது. அது எங்கே நின்று பார்த்தது என்று மட்டும் சொல்லவில்லை.

பதினோராம் இலக்கம் இப்படித் தொடங்கியது: "கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்று, அடுத்த வளவின் எல்லைக் கல்லை இரண்டு பேர் தோண்டியெடுத்து, எங்கள் பக்கமாகத் தள்ளி நட்டதைக் கண்டேன்." அடுத்த பந்தியில்: "அதைக் கேட்கப் போன கீழ்வீட்டு மாமா வெளிப்படியில் தவறி விழுந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் படியும் இதே ஜன்னலில் தெரியும். விழுந்தபோது அவர் தனியாக இருக்கவில்லை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் 'அருமையான வசனம்' என்று எழுதினேன். உங்கள் வழக்கப்படி ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வைத்துவிட்டு, கட்டுரையைப் பலகையில் குத்தினேன். ஒரு மனிதர் விழுந்ததை நான் வசனமாகத்தான் வாசித்திருக்கிறேன், மச்சாள்.

நாலாம் நாள் கட்டுரையைக் காணவில்லை. அதைக் குத்தியிருந்த நாலு ஊசிகளும் பலகையின் ஓரத்தில் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. நம் மாணவர் எவரும் அவ்வளவு ஒழுங்கானவர் அல்லர்.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அந்தக் கட்டுரையை எழுதியவருக்குப் பரிசு கொடுக்க விரும்புவதாகச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் நம் மாணவர் கட்டுரையைத் தேடி ஒரு பரிசு படியேறி வந்தது இதுவே முதல் தடவை. கல்லூரிப் பணிப்பாளர் தேநீருக்குச் சொல்லியனுப்பினார்.

"மிஸ், பேரைச் சொல்லுங்கோவன். பிள்ளைக்கும் நல்லது, எங்களுக்கும் ஒரு போட்டோ."

"பேர் இல்லை சேர், இலக்கம்தான். லிஸ்ட் மற்ற மிஸ்ஸிட்டத்தான் இருந்தது. அவ மோசம் போயிட்டா."

மன்னியுங்கள். பட்டியல் என் கைப்பைக்குள் இருந்தது. அந்த நேரத்தில் ஒளிந்துகொள்ள உங்களைவிடப் பாதுகாப்பான இடம் எனக்குத் தெரியவில்லை.

வந்தவர்களில் வெள்ளைச் சட்டை போட்டவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆழ்ந்த அனுதாபம் மிஸ். அவ எப்ப மோசம் போனவ?"

"போன வருசம்."

"கட்டுரை இந்த மாசம் எழுதினதெல்லோ."

பணிப்பாளர் என்னைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரரோ சிரித்தார். "பரவாயில்லை மிஸ். அந்த ஒழுங்கையில எத்தினை சமையலறை ஜன்னல் இருக்கப்போகுது? எண்ணிப் பாக்கலாம்." தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பதினோராம் இலக்கக்காரியே கதவைத் திறந்தாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அதை முதலில் எழுதும் உரிமை அவளுடையது. ஜன்னலருகே கூட்டிப் போனாள். கல் புதுச் சீமெந்தோடு நின்றது. கீழே குறுகிய ஒழுங்கையில் ஒருவர் தலையை நிமிர்த்தி, ஒற்றை விரலை நீட்டி, மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

"நேத்தும் வந்தாங்க மிஸ். அஞ்சு ஜன்னல் வரைக்கும் எண்ணினாங்க. எங்களோடது ஏழாவது."

"ஹெந்தளையில உம்மட மாமி இருக்கிறா எண்டனீரெல்லோ. கொஞ்ச நாளைக்கு அங்க போய் இரும் பிள்ளை."

"கீழ்வீட்டு மாமா இன்னும் கண்ணு முழிக்கல மிஸ். முழிச்சதும் யாராச்சும் பாத்தீங்களான்னுதான் கேப்பாரு. ஹெந்தளையில இருந்துக்கிட்டு நான் என்ன சொல்றது?" ஜன்னலைச் சாத்தினாள். "நம்பர் போட்டதாலதான் எண்ணுறாங்க. பேரப் போட்டுட்டா எண்ணத் தேவையில்லையே."

கருத்தை எப்படித் தொடங்குவது, எப்படி முடிப்பது என்றெல்லாம் கற்றுக் கொடுத்தோம். முடித்த பிறகு என்ன நடக்கும் என்பது பாடத்திட்டத்தில் இருந்ததா, மச்சாள்?

நாளை காலை புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிறோம். அவள், அவளுடைய அம்மா, நான். தொலைபேசியில் சட்டத்தரணி கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை கண்ணால கண்டதோ? எங்க நிண்டு கண்டது?" கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பீர்கள். அவள் தன் பெயரில் சத்தியக் கடதாசி கொடுப்பாள். அந்தக் கட்டுரை எப்போது என் கைக்கு வந்தது, யார் அதைத் தேடி வந்தார்கள் என்று நானும் ஒன்று கொடுப்பேன். போட்டோக்கொப்பியைக் கூடக் கொண்டுபோகிறேன். ஓரத்தில் 'அருமையான வசனம்' என்றிருக்கும். அதையும் நீதவான் வாசிக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். அது அச்சில் வரும்போது கையெழுத்துகள் விழுந்திருக்கும். அதற்குப் பிறகு எண்ணுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

எழுதும் மேசையிலிருந்து எதிர்க்கடை வாசல் தெரிகிறது. மத்தியானத்திலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் அங்கே நிற்கிறார். அவர் விரலை நீட்டவில்லை. ஒரே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் விதியை நான் நீக்கமாட்டேன். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவருடைய வசனத்துக்குக் கீழும் கோடு போடுவதற்கு முன், அவர் நின்ற இடத்தில் போய் நானும் ஒருமுறை நிற்பேன்.

வெள்ளவத்தை வீட்டின் முன்பக்க ஜன்னலில் நின்று,
உங்கள் மச்சாள்
சுகந்தி