கெபியின் மேல் இரண்டு பேனல்

வரதராஜன்பேட்டை,
வியாழக்கிழமை, மாலை நான்கு மணி.

இயேசுவுக்குப் புகழ்.

அன்புள்ள அக்கா சாந்தி மேரிக்கு, தங்கை சுகன்யா மேரி எழுதிக்கொள்வது. மடத்தில் எல்லாரும் உன்னை சிஸ்டர் என்பார்கள். எனக்கு நீ அக்காதான், மரியாதை குறைந்தால் பொறுத்துக்கொள். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் வைத்துக்கொள்ளக் கூடாத மடத்தில் போய்ச் சேர்ந்தாயே என்று உன்னை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இன்று அதுவே நல்லதாகப் போயிற்று. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

நம் முந்திரிக் கம்பெனிக் கூரையில் சோலார் போட்டதை ஈஸ்டர் கடிதத்தில் எழுதியிருந்தேன். கரண்ட் பில் பாதியாகிவிட்டது. கொட்டை உடைக்கும் பெண்களுக்கு ஒரு ஃபேன் மாட்டினோம்; வீரம்மாள் அதன் அடியை விட்டு நகர்வதே இல்லை. எங்களைப் போல் சிறுதொழில் செய்பவர்கள் சோலார் போட்டால் அரசு மானியம் கொடுக்கிறது. அதை நம்பித்தான் என் வீட்டுக்காரர் பேங்கில் கடன் வாங்கினார். நாளை காலை பத்து மணிக்கு ஆபீசிலிருந்து பார்வையிட வருகிறார்கள். பேனல்களை எண்ணி, ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கும் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பார்ப்பார்களாம்.

பேப்பரில் இருப்பது நாற்பது. கூரையில் இருப்பது முப்பத்தெட்டு.

போன கார்த்திகையில் ஆனி ரோஸ் டெங்கு வந்து திருச்சி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாளே, அப்போது இவர் ஒரு வேண்டுதல் வைத்தார். நம் ஊரில் முதல் மூட்டை முந்திரியை மாதா காலடியில் வைப்பது உனக்குத் தெரியாததா? இனிமேல் கம்பெனிக்கு எது புதிதாக வந்தாலும் முதல் பங்கு மாதாவுக்கு என்று சொல்லிவிட்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தாள். லாரியில் பேனல் வந்து இறங்கியதும், மாதா சொரூபம் நிற்கிற கெபியில் விளக்கு எரியட்டும் என்று முதல் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய் அதன் கூரைமேல் மாட்டிவிட்டார். பங்குச் சாமியார் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். ஊரே கை தட்டியது, நானும் தட்டினேன். அடுத்த வாரம், நாற்பதும் கம்பெனிக் கூரையில்தான் இருக்கின்றன என்று மானியப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை அக்கா. மாதாவுக்குக் கொடுத்ததை வெளியே போனதாக அவர் எண்ணவில்லை.

மனு எழுதிக் கொடுத்த கிருஷ்ணமூர்த்தி சார் திங்கட்கிழமை விஷயம் தெரிந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு கொறஞ்சா மானியம் மட்டும் போவாது சார். பொய்யா உறுதிமொழி குடுத்தீங்கன்னு கேஸ் ஆயிடும்" என்றார். இப்போதைக்குக் கழற்றி மாட்டிவிட்டு, பிறகு மாதாவுக்கு வேறு வாங்கி வையுங்கள் என்றும் சொன்னார். இவர் கேட்டால்தானே. "குடுத்தது குடுத்ததுதான். ஜெயிலுன்னா நான் போறேன். அதுல கை வச்சா புள்ள தலைலதான் வந்து விடியும்" என்கிறார். மூன்று நாளாக இவருக்குச் சோறு இறங்கவில்லை. பங்குச் சாமியாரைக் கேட்கலாம் என்றால் அவர் தியானத்துக்குப் போயிருக்கிறார், சனிக்கிழமைதான் வருவார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். போலீஸ் என்றாலும் பயம், மாதா என்றாலும் பயம்.

நேற்று இவர் கொட்டை வாங்க விக்கிரமங்கலம் போனார். மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, எலக்ட்ரீசியன் சரத்குமாரைக் கூட்டிக்கொண்டு கெபிக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் பாதி ஏறியவன் இறங்கிவிட்டான். "எனக்கு மனசு வரலக்கா. நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றான். ஸ்பானரை வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். அவன் கீழிருந்து சொல்லச் சொல்ல எட்டு போல்ட்டையும் நானே கழற்றினேன். கீழே இறக்கும்போது மட்டும் அவன் பிடித்துக்கொண்டான். ஏணி ஆடுகிறது என்று அவனைத் திட்டினேன். மாதாவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டும் இப்போது குடோனில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன. நாளை விடிந்ததும் சரத்குமார் வந்து மாட்டுவான். கம்பெனிக் கூரை என்றால் அவனுக்குப் பயமில்லையாம். இவருக்கு இன்னும் தெரியாது. பாட்டரியில் மிச்சம் இருந்ததால் நேற்று கெபி விளக்கு எரிந்தது. இன்று ஆறு மணிக்கு எரியாது. எரியவில்லை என்றால் முதலில் ஓடிப்போய்ப் பார்க்கிறவர் இவர்தான்.

ஆனி ரோஸ் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் படுத்துவிட்டாள். நெற்றி கொஞ்சம் சுடுகிறது. வெயிலில் விளையாடியிருப்பாள். வெயில்தான் அக்கா. தெர்மாமீட்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், அதை வைத்துப் பார்க்கத்தான் கை வரவில்லை.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்கும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும். இருந்தாலும், வலித்தாலும் பரவாயில்லை என்று எனக்காக ஒருமுறை முழங்காலில் நில். மானியத்தைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம். கழற்றியது ஆனி ரோசின் அப்பா இல்லை, பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சுகன்யாதான் என்று மாதாவிடம் சொல். நீ சொன்னால் கேட்பாள். என் பெயரை முழுதாகவே சொல் அக்கா. ஊரில் இன்னும் இரண்டு சுகன்யா இருக்கிறார்கள்.

உன் தங்கை,
சுகன்யா மேரி