கொக்கி மேல் காட்டிய இரக்கம்

என்னங்க,

அத்தைக்கு முட்டிவலி குறைந்ததா? சின்னவளின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேற்று அலுவலகத்துக்காரர்கள் நாலு பேர், படுக்கையும் அடுப்பும் உள்ள வாடகை டிரெய்லரைக் காரின் பின்கொக்கியில் பூட்டிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினோம். சாமான் ஏற்றியது நான். இறக்கத்தில் வேகமெடுத்ததும் டிரெய்லர் பாம்பாக நெளிந்து காரையே உலுக்கியது. எதிரே லாரி! ஓட்டிய கணக்காளர் அக்கா பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்துத்தான் எங்களைக் காப்பாற்றினார்.

"எல்லாத்தையும் பின்னாடியே அடுக்கினியாடி?"

"கொக்கிக்குப் பாரம் வேண்டாமேன்னுதான், அக்கா."

"அடிப்பாவி! இரும்புக் கொக்கிக்கு இரக்கப்பட்டு எங்களுக்குப் பாடை கட்டப் பார்த்தியே!"

டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுந்த வேண்டுமாம். குறைந்தால் வால் ஆடும். அதிகமானால் காரின் பின்பக்கம் அமுங்கும். பாரம் குறைந்தால் நல்லது என்றே பழகிய எனக்கு இது புதுப் பாடம்.

நீங்கள் வாங்க நினைக்கும் டிரெய்லரைப் பற்றி, 'கொக்கியில் பாரம் லேசாக இருப்பதை வாங்குங்கள்' என்று போன கடிதத்தில் எழுதினேனே, தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள். விற்பவர் சொல்வது காலி வண்டியின் கணக்கு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சாமான் ஏற்றி, கொக்கியில் அழுந்தும் எடையைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கார் தாங்குமா என்றும் கேளுங்கள்.

என் பழைய போர்வையைத் துவைக்காமல் அனுப்புங்கள், நம் வீட்டு வாசம் வேண்டும். இடைவேளை முடிந்துவிட்டது, அழைக்கிறார்கள். நான் வரும்வரை எந்த டிரெய்லரும் வேண்டாம். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீங்கள் தனியாக இறக்கத்தில் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உங்கள்
நான்